மூன்று படி இறங்கும் அறை

நுரையீரலில் ஒரு பாகத்தை எடுத்துவிட்டு வந்திருக்கிறேன் என்று தெரிந்ததும் ராயபுரத்தில் எல்லோரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "உங்க வூட்டுக்காரரு பீடி குடிப்பாரே, அதனாலயா?" கோயில் வாசலில் கேட்கிறார்கள், மீன் வாங்கும் இடத்தில் கேட்கிறார்கள், அளவு கொடுக்க வந்தவர்கள் கையைத் தூக்கி நின்றபடியே கேட்கிறார்கள். வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு எத்தனை பேருக்குப் பதில் சொல்வது? ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். பதில் அவர்கள் எதிர்பார்க்கிற அளவுக்குச் சுருக்கமானது இல்லை.

என் பெயர் பிலோமினா. தையல்காரி. வெள்ளைத் துணிதான் என் பிழைப்பு: கோயிலில் முதல்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மைக்குப் போகும் பெண் பிள்ளைகளின் கவுன், கல்யாணக் கவுன், ஞானஸ்நான உடுப்பு. கணவர் அந்தோணி கப்பல் ரிப்பேர் பட்டறையில் ஃபிட்டர். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி இங்கே எழுதப்போவதும் இல்லை.

எங்கள் வீட்டைக் கட்டியபோது வாசலுக்கு இரண்டு படி ஏற வேண்டியிருந்ததாம். நான் கல்யாணமாகி வந்தபோது தெருவும் வாசலும் சமம். அதற்கப்புறம் ரோடு போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் மேலேயே கொட்டிக் கொட்டி, தெரு ஏறிக்கொண்டே போனது. இப்போது முன்னறைக்கு மூன்று படி இறங்க வேண்டும். சுவரில் பாதி மண்ணுக்குள் இருக்கிறது, தரையில் நாலைந்து வெடிப்பு. அந்த அறையில்தான் தைப்பேன், அங்கேதான் இருவரும் படுப்போம், விருந்தாளி வந்தாலும் அங்கேதான். பின்னால் ஒரு சமையற்கட்டு. அவ்வளவுதான் வீடு.

துறைமுகத்தில் நிலக்கரி இறக்கும் நாட்களில் காற்றோடு கறுப்புத் தூள் வரும். ஒருமுறை ஒரு கல்யாணக் கவுனை முடித்து மாட்டிவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து தோள்பட்டையைத் தொட்டால் விரலெல்லாம் கறுப்பு. பெண்ணின் அம்மா போட்ட கூச்சல் தெருமுனை வரை கேட்டது. அந்த வாரமே இரண்டு ஜன்னலையும் ரெக்ஸின் வைத்து மூடி, விளிம்பெல்லாம் டேப் ஒட்டினேன். கதவிடுக்குக்கு அந்தோணி பட்டறையிலிருந்து ரப்பர் பட்டை கொண்டுவந்து கொடுத்தார். கதவைச் சாத்தினால் தூசி என்ன, தெருச் சத்தமே உள்ளே வராது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. எட்டு வருஷம் அந்த அறையில் நாளெல்லாம் தைத்தேன், அங்கேயே தூங்கினேன்.

இருமல் வந்தபோது துணித் தூசி என்று நினைத்தேன். எக்ஸ்ரே எடுத்த டாக்டர் வலது பக்கம் மேலே ஒரு நிழல் தெரிகிறது, டி.பி.யாக இருக்கலாம் என்றார். சளியில் கிருமி எதுவும் தென்படவில்லை. இருந்தாலும் மாத்திரை ஆரம்பித்தார்கள். நாலு மாதம் விழுங்கினேன். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனதுதான் மிச்சம், நிழல் அப்படியே இருந்தது. பிறகு ஒரு நாள் இருமும்போது, தைத்துக்கொண்டிருந்த வெள்ளை சாட்டின் துணியில் சிவப்பாக இரண்டு சொட்டு. நான் முதலில் பார்த்தது துணியைத்தான். ஐயோ, இதை எப்படி அலசுவது என்றுதான் தோன்றியது. அதற்கப்புறம்தான் அது என் ரத்தம் என்று உறைத்தது.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். சி.டி. ஸ்கேன் என்றால், உடம்பை ரொட்டி போல் துண்டு துண்டாக வெட்டினால் உள்ளே எப்படித் தெரியுமோ அப்படிப் படம் பிடிப்பது. படத்தை வெளிச்சத்தில் மாட்டிப் பார்த்த டாக்டர் "கட்டி இருக்கு. என்ன கட்டின்னு ஊசி போட்டு எடுத்துப் பார்த்தாதான் சொல்ல முடியும்" என்றார். பிறகு என்னை விட்டுவிட்டு அந்தோணியைப் பார்த்தார்.

"வீட்ல யாராவது சிகரெட் பிடிப்பாங்களா?"

அந்தோணி சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டார். "பீடி, சார்."

"வீட்டுக்குள்ளயா?"

"வாசல்ல. மழைன்னா உள்ள."

டாக்டர் எழுதிக்கொண்டார். பீடிதான் காரணம் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் கூட வந்திருந்த என் அண்ணன் சேவியருக்கு அது போதும். வராந்தாவுக்கு வந்ததுமே ஆரம்பித்துவிட்டார். "இன்னா மாப்ள, எந்தங்கச்சிய நல்லா பார்த்துக்கிறேன்னு சொல்லித்தானே கட்டிக்கினு போன? இப்டிப் புகை போட்டே சாவடிக்கறியே!" சுற்றி நின்ற ஜனம் திரும்பிப் பார்த்தது. அந்தோணி தலையைத் தூக்கவில்லை. பையிலிருந்த பீடிக்கட்டை எடுத்து, குப்பைத் தொட்டி வரைக்கும் நடந்துபோய்ப் போட்டுவிட்டு வந்தார்.

நான் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. எனக்கு அப்போது பயம் என்பதே கோபமாகத்தான் வந்தது, அந்தக் கோபத்துக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. "யோவ், இனிமே எங்கிட்ட பேசாதய்யா" என்றேன். அவர் பேசவில்லை.

ஊசி போடும் நாள். ஸ்கேன் மேஜையில் குப்புறப் படுக்கவைத்து, படத்தைப் பார்த்துக்கொண்டே முதுகு வழியாக நீளமான ஊசியை இறக்கி, கட்டியிலிருந்து நூலளவு சதையை எடுப்பார்கள். இதற்குப் பெயர் பயாப்ஸி. மரத்துப்போகும் மருந்து போட்டதால் வலி பெரிதில்லை. "மூச்சை அடக்குங்க" என்று அவர்கள் சொல்லும் அந்த நேரம்தான் கஷ்டம். எங்கே இருமிவிடுவேனோ என்ற பயத்திலேயே இருமல் வரும். சதையை ஆய்வுக்கு அனுப்பினார்கள். பதில் வர ஒரு வாரம் என்றார்கள். அந்த ஒரு வாரம் பெண்கள் வார்டில் கிடந்தேன். லிஃப்ட் கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து உட்காருவேன், என் காகிதம்தான் வருகிறது என்று.

பக்கத்துக் கட்டிலில் ராணியம்மா. வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீடு, இளைப்பு நோய். மருமகள் கொடுத்தனுப்பும் கஞ்சியில் பாதியை என் டம்ளரில் ஊற்றிவிட்டுத்தான் குடிப்பார். தினமும் சாயங்காலம் அவருடைய மகள் சங்கமித்ரா வருவாள். பௌதிகத்தில் ஆராய்ச்சிப் படிப்பு. அவர்கள் குடும்பத்தில் அவ்வளவு தூரம் படித்தவள் அவள் ஒருத்திதான். ஒரு பை நிறைய பிளாஸ்டிக் டப்பாக்களைச் சுமந்துகொண்டு திரிவாள்.

"இன்னாம்மா இது, டிபன் கடையா?" என்று கேட்டேன்.

சிரித்தாள். "வூட்டுக்குள்ள இருக்கற காத்தை அளக்கறதுக்கா. பூமிக்குக் கீழ இருக்கற ரூமா வேணும். மெட்ராஸ்ல எவன் வூட்டுக்கு அடில ரூம் கட்டறான்? பேங்க் லாக்கர் ரூம், கார் நிறுத்தற எடம், இத்தான் கிடைக்குது. அங்க யாரும் படுத்துத் தூங்கறதில்லையே."

"எங்க வூட்டுக்கு மூணு படி எறங்கணும்" என்றேன், சும்மா பேச்சுக்கு.

அவள் பையைக் கீழே வைத்துவிட்டு என் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். எதற்காகப் படுத்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். அதனால் கொஞ்சம் தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். மண்ணிலும் கல்லிலும் துளி அளவு யுரேனியம் எல்லா ஊரிலும் இருக்கிறதாம். அது சிதைந்துகொண்டே வரும்போது ரேடான் என்ற வாயு உண்டாகிறது. நிறம் இல்லை, மணம் இல்லை. வெட்டவெளியில் காற்றோடு கலைந்துவிடும். பள்ளமான, மூடிய அறையில் தரை வெடிப்பு வழியாக ஏறிச் சேர்ந்துகொள்ளும். வருஷக்கணக்கில் மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலைக் கெடுக்கும், புற்றுநோய்கூட வரலாம்.

"அப்ப எனக்கு..."

"தெரியாதுக்கா. அளந்து பார்த்தாத்தான் தெரியும். அளந்தாலும் இதனாலதான்னு யாராலயும் சொல்ல முடியாது."

டப்பாவுக்குள் விரல் நகம் அளவு ஒரு பிலிம் துண்டு. அறையில் மூன்று மாதம் தொங்க வேண்டும். வாயு சிதையும்போதெல்லாம் பிலிமில் ஒரு பொட்டு விழும். பிறகு அதை ரசாயனத்தில் ஊறவைத்து மைக்ராஸ்கோப்பில் எண்ணுவார்களாம். எனக்கு ஆசை வந்துவிட்டது. ஏன் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஜன்னல் அடைத்த விஷயத்தை நான் அவளிடம் சொல்லவில்லை. மறைக்கவில்லை, எட்டு வருஷமாக அப்படியே இருப்பதால் அது சொல்ல வேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை. வார்டு வாசலில் நின்றிருந்த அந்தோணியிடம் ராணியம்மா மூலமாகத்தான் செய்தி போனது: நாளை மறுநாள் ஒரு காலேஜ் பெண் வீட்டுக்கு வரும், டப்பா மாட்டும், ஒத்தாசை பண்ணவும்.

அந்த வாரக் கடைசியில் பதில் வந்தது. புற்றுநோய்தான். ஆனால் சின்னது, வேறெங்கும் பரவியதாகத் தெரியவில்லை, அறுத்து எடுத்துவிடலாம். வலது நுரையீரலில் மூன்று மடல் உண்டு. மேல் மடலை மட்டும் எடுப்பார்கள், மீதி இரண்டும் அந்த இடத்தை நிரப்பிக்கொள்ளப் பார்க்கும். டாக்டர் இதையெல்லாம் நிதானமாகச் சொன்னார். என் காதில் முதல் வார்த்தையோடு மற்றதெல்லாம் நின்றுவிட்டது. அந்தோணி அவரைத் திரும்பச் சொல்லச் சொல்லி, பட்டறைச் சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டார். "நாலுல மூணு பங்கு நல்லதா கீது பிலோ" என்று என்னிடம் படித்துக் காட்டினார். அவர் எழுதிய நாலு வரியில் மூன்று நல்ல வரி என்ற கணக்கு அது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன்.

அறுவை முடிந்து கண் விழித்தால் விலாவில் ஒரு குழாய். அது தரையில் இருந்த தண்ணீர் ஜாடிக்குள் போகிறது. நான் இருமினால் ஜாடியில் குமிழி வரும். நெஞ்சுக்குள் தங்கிய காற்றும் நீரும் வெளியேறத்தான் அது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவில் கத்தி இறங்கியது. மூன்று பந்து உள்ள ஒரு கருவியைக் கொடுத்து, உறிஞ்சி மூன்றையும் மேலே தூக்கு என்றார்கள். முதல் நாள் ஒரு பந்துகூட அசையவில்லை. ராணியம்மா தன் கட்டிலிலிருந்து "தூக்கு பிலோ, தூக்கு! எழுந்துக்கினு கீது பாரு!" என்று கத்துவார், கத்தியதில் அவருக்கு இளைப்பு வந்து நர்ஸ் திட்டுவாள். அந்தோணி தினமும் சுறாப் புட்டு செய்து தூக்குவாளியில் கொண்டுவருவார். அவர் சமைத்து நான் பார்த்ததே இல்லை. உப்பு அள்ளிப் போட்டிருப்பார். தின்றேன். ஆனால் பேசவில்லை.

அண்ணன் வீட்டுக்குப் போய்த்தான் உடம்பைத் தேற்றிக்கொண்டேன். மூன்று மாதம் முடிந்து சங்கமித்ரா டப்பாவைக் கழற்றி எண்ணிவிட்டு, முடிவு சொல்ல அங்கேயே வந்தாள். அந்தோணியும் இருந்தார்.

"ஒண்ணும் பயப்படறதுக்கு இல்லக்கா. சாதா வூட்ல இருக்கற அளவுதான். நானே நம்பல, ரெண்டு வாட்டி எண்ணிப் பார்த்தேன்."

அண்ணன் திரும்பி அந்தோணியைப் பார்த்தார். அது போதாதென்று அண்ணி வேறு பெருமூச்சு விட்டாள். அந்தோணி மெதுவாகத் தலையாட்டினார். "அப்ப என் கையாலதான் ஆச்சு" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. ஆனால், உள்ளதைச் சொல்கிறேன், ஒரு நிம்மதியும் இருந்தது. என் ஆத்திரம் சரிதான் என்று யாரோ முத்திரை குத்திக் கொடுத்தது போல.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனேன். மூன்று படி இறங்கி உள்ளே வந்ததும் கண் கூசியது. அறை முழுக்க வெயில். சுவருக்கு வெள்ளை அடித்திருந்தது. இரண்டு ஜன்னலிலும் ரெக்ஸின் இல்லை, கதவில் ரப்பர் பட்டை இல்லை. காற்று சிலுசிலுவென்று வந்தது.

"எப்ப பிரிச்ச?" என்று கேட்டேன். மூன்று மாதத்துக்குப் பிறகு நான் அவரிடம் கேட்ட முதல் கேள்வி அது.

"அந்தப் பொண்ணு வரதுக்கு முந்தின நாளு. படிச்ச புள்ள வருது, வூடு கலீஜா, இருட்டா கீதேன்னு ஒரு மாதிரியா இருந்துச்சி. எல்லாத்தையும் பிரிச்சிக் கடாசிட்டு சுண்ணாம்பு அடிச்சேன். அப்பால மூடவே இல்ல. அந்தப் புள்ளகூட ஜன்னலு தெறந்து கீதுன்னு எழுதிக்கினு போச்சி." தயங்கி, "இன்னா, நல்லா இல்லியா?" என்றார்.

எங்கள் பக்கத்தில் மாதா கோயில் சாமியார் வீட்டை மந்திரிக்க வந்தாலும் சரி, ரேஷன் கார்டு சரிபார்க்க ஆள் வந்தாலும் சரி, முந்தின நாளே வீட்டைக் கழுவித் துடைத்து வைப்போம். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். சங்கமித்ரா அளந்தது நான் எட்டு வருஷம் மூச்சு விட்ட அறையை அல்ல. காற்றோட்டமான வேறொரு அறையை.

இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. இது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. சொல்லாமல் விட்டால் குற்றம் அவர் தலையிலேயே கிடக்கும், அவரும் சுமந்துகொள்ளத் தயாராக இருக்கிறார். சொன்னால், ஜன்னலை அடைத்த கை என்னுடையது. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அவர் பாட்டுக்கு உப்பு அள்ளிப் போட்டுச் சமைத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு என்மேல்தான் எரிச்சல் வந்தது. மூன்றாம் நாள் டெலிபோன் பூத்துக்குப் போய் சங்கமித்ராவைக் கூப்பிட்டேன்.

எட்டு வருஷமாக ஜன்னல் மூடியிருந்ததையும், அவள் வருவதற்கு முந்தின நாள் அவர் பிரித்ததையும் சொன்னேன். "எப்பவும் இருக்கற மாதிரியே இருக்கட்டும்னு அவர்கிட்ட சொன்னேனேக்கா" என்றாள். பாவம், எங்களுக்கு எப்பவும் என்றால் என்ன என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

மறுபடியும் டப்பா மாட்டினோம். இந்தத் தடவை ரெக்ஸினை நானே வெட்டி ஒட்டினேன், ரப்பரை அந்தோணி அடித்தார். ஏன் மூடுகிறோம் என்று அவரிடம் சொன்னேன். நம்பாதவர் போல் பார்த்தார். இடைக்கதவையும் அடைத்துவிட்டு மூன்று மாதம் சமையற்கட்டில் படுத்து, பின்வாசல் வழியாகப் போய்வந்தோம். என்ன பதில் வர வேண்டும் என்று ஜெபிப்பது? அதிகம் என்று வந்தால் என் கை. குறைவு என்று வந்தால் அவர் கை.

டப்பாவை எடுத்துப்போய் எண்ணிவிட்டுச் சங்கமித்ரா வந்து பின்வாசலிலேயே நின்றாள். "நான் அளந்த ரூம் எல்லாத்தையும்விட ஜாஸ்திக்கா. மொத வாட்டி வந்ததுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. பொட்டு மேல பொட்டா கீது."

நான் அன்றைக்கே அண்ணன் வீட்டுக்குப் போய், அண்ணி முன்னாலேயே சொன்னேன்: "ஜன்னல அடச்சது நானு. இனிமே அவர ஒரு வார்த்தை பேசாதீங்க." அண்ணன் ஏதோ முனகினார். கூட வந்திருந்த அந்தோணி திரும்பும்போது வீட்டு வாசலில் சொன்னார்: "அந்த ரப்பர எட்த்தாந்து குடுத்தது நாந்தானே பிலோ." இந்த மனிதனை என்ன செய்வது?

சங்கமித்ராவின் பேராசிரியர் ஒரு படம் வரைந்து கொடுத்தார். வெளிநாடுகளில் நிலவறை வைத்த வீடுகளுக்கு இப்படித்தான் செய்வார்களாம். அந்தோணி அறையின் மூலையில் தரையைத் தோண்டி, குழியில் ஜல்லி நிரப்பி, அதிலிருந்து நாலு அங்குல பி.வி.சி. பைப்பைச் சுவரோரமாக மொட்டைமாடிக்கு மேலே வரை ஏற்றினார். நடுவில் சின்னதாக ஒரு மின்விசிறி. தரைக்கு அடியில் சேரும் காற்றை அது அறைக்குள் வரும் முன்பே உறிஞ்சி மேலே அனுப்பிவிடும். வெடிப்பையெல்லாம் சிமெண்ட் வைத்து அடைத்தார். "இன்னா அந்தோணி, வூட்டையே கப்பலாக்கிட்டியா? எப்ப கெளம்புது?" என்று தெருவே சிரித்தது. ஜன்னலில் ரெக்ஸினுக்குப் பதில் மெல்லிய துணித் திரை. கொஞ்சம் தூசி வரத்தான் செய்கிறது. தைக்காத நேரத்தில் துணியைப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறேன். மூன்றாவது முறை டப்பா மாட்டியபோது அளவு இறங்கிவிட்டது என்றாள் சங்கமித்ரா.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. இந்த முறை டாக்டர் என் படத்தைப் பார்த்து, புதிதாக எதுவும் இல்லை என்றார். நான் ரேடான் கதையை முழுவதும் சொன்னேன். பீடியா, அறையா என்று கேட்டேன்.

"பிரிச்சுச் சொல்ல முடியாதும்மா. ரெண்டும் சேர்ந்தா ஆபத்து கூடும். அதுவும் நேரடியாப் புகை பிடிக்கறவங்களுக்கு இன்னும் அதிகம்." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தி, அந்தோணி பக்கம் திரும்பினார். "நீங்களும் அதே ரூம்லதானே படுத்தீங்க?"

"ஆமா சார்."

"பீடி எத்தனை வருஷம்?"

"கல்யாணத்துக்கு முந்தியிலேந்து."

"உங்களுக்கு யாராவது ஸ்கேன் எடுத்தாங்களா?"

யாரும் எடுக்கவில்லை. ஒன்றரை வருஷம் ஆஸ்பத்திரிக்கு நடந்திருக்கிறோம். அவர் என் துணிமூட்டையைச் சுமந்தார், சீட்டு வாங்க வரிசையில் நின்றார், பழியைச் சுமந்தார். எங்கள் இரண்டு பேரில் பெரிய ஆபத்து அவருக்குத்தான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கோபத்தில்கூடத் தோன்றவில்லை.

அப்போதே ஸ்கேனுக்கு அனுப்பினார்கள். அந்தோணி சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, கழுத்துச் சிலுவையையும் கழற்றி என் கையில் வைத்தார். "ஒண்ணியும் இல்ல, வந்துர்றேன்" என்றார். கதவு மூடிக்கொண்டது. எனக்குக் கட்டி என்று சொன்ன அன்றைக்குக்கூட நான் இப்படிப் பயப்படவில்லை. அறுத்து எடுத்த அந்த மேல் மடலும் இருந்தால்தான் மூச்சு போதும் போலிருந்தது. மாதாவிடம் பேரம் பேசினேன், பேரத்தில் எதைக் கொடுப்பேன் என்று சொன்னேனோ அதை இங்கே எழுத மாட்டேன்.

டாக்டர் படத்தை மாட்டி, கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்து, கிட்டே போய் ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஒண்ணும் இல்லை. சுத்தமா இருக்கு. பீடியைத் திரும்பத் தொடக் கூடாது, வருஷத்துக்கு ஒருமுறை வந்து காட்டணும்."

"இன்னொரு வாட்டி சொல்லுங்க சார்" என்றேன்.

சொன்னார். அந்தோணியின் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, அதை நான் எழுதிக்கொண்டேன்.